மாசி வீதிச் சந்துக்குள் 40-க்கு 28 அடி இடம். பிள்ளைகள் விளையாட நாமே வடிவமைக்க முடியுமா?

மாசிவீதி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எங்கள் தெருச் சங்கத்துக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஒன்று இடிந்துபோய், போன வருடம் முழுவதுமாக அப்புறப்படுத்தினார்கள். 40 அடிக்கு 28 அடி, இரண்டரை சென்ட் சொச்சம். கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்றுதான் முதலில் பேச்சு. நானும் இன்னும் நாலைந்து அம்மாக்களும் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, பிள்ளைகளுக்கு விடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆறு லட்சம் வரை செலவு செய்யச் சம்மதித்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வீதிகள் இருக்கின்றன. அதில் ஒரு பிள்ளை ஓடி விளையாட ஒரு முழம் இடம் கிடையாது. பாத்திரக் கடை, துணிக் கடை, சரக்கு இறக்கும் வண்டி. எங்கள் சந்தில் மட்டும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பதினேழு பிள்ளைகள். பாதிப் பேர் மாடிப்படியில்தான் வளர்கிறார்கள்.

ஒரு கம்பெனியில் கேட்டோம். பிளாஸ்டிக் கோபுரம், இரண்டு சறுக்கு, ஒரு குழாய், கீழே ரப்பர் ஓடு என்று 5.8 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். இடத்தைப் பார்க்கவே வரவில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னும் ஒன்று. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் அன்று இந்த இடத்தில்தான் எங்கள் நீர்மோர்ப் பந்தல். அதை விட்டுக்கொடுக்கப் பெரியவர்கள் தயாராக இல்லை. நானும் கேட்க மாட்டேன். என் அப்பா மோர் ஊற்றிய இடம் அது. வருடத்தில் ஒரு நாளாவது நடுவே காலியாக இருக்க வேண்டும்.

இடம் இப்போது வெறும் மண். பழைய வீட்டின் ஆட்டுக்கல் ஒன்று மூலையில் பாதி புதைந்து கிடக்கிறது. மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர், கிழக்கே சந்து. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிப்பட்டறை:

வணக்கம்ங்க டீச்சர். கோயமுத்தூர்ல பட்டறை வச்சிருக்கேன். பதினாறு வருஷமா பள்ளிக்கூடம், அப்பார்ட்மெண்ட்டுன்னு விளையாட்டுச் சாமான் செஞ்சு மாட்டுறதுதான் தொழில். சாமான் விக்கிற நானே சொல்றேன், அந்தக் கொட்டேஷனை ஓரமா வைங்க. உங்க ஆறு லட்சத்துல முதல் ரூபாய் நிழலுக்கு, ரெண்டாவது தரைக்கு. மீதி இருந்தா இரும்பு.

நிழல் ஏன்னு சொல்றேன். புஸ்தகத்துல எல்லாம் சறுக்கை வடக்குப் பார்த்து வை, வெயில் படாதுன்னு போட்டிருக்கும். அது குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. மதுரையில ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயிலே வடக்குச் சாய்வா அடிக்கும். வடக்குப் பார்த்த சறுக்குதான் அப்போ அதிகமாக் காயும். பிள்ளைங்க வர்றது சாயங்காலம் நாலரைக்கு, அந்நேரம் வெயில் மேற்கே இருந்து முகத்துல அடிக்கும். உங்க மேற்குச் சுவர் ஒரு மாடியா ரெண்டு மாடியா, நாலரை மணிக்கு அதோட நிழல் எவ்வளவு தூரம் விழுதுன்னு சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்க. அந்தக் கோட்டுக்குள்ளதான் உங்க விளையாட்டு இடம் இருக்கு. என் மகளுக்கு நாலு வயசுல ஒரு ஊர்ப் பூங்காவில ஸ்டீல் சறுக்குல தொடை வெந்து போச்சு. கவுனைத் தூக்கிப் பார்த்தா ரெண்டு கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. அன்னைக்கு ராத்திரி அவ குப்புறப் படுத்துத்தான் தூங்கினா. அதுல இருந்து நிழல் இல்லாத இடத்துல நான் சறுக்கு மாட்டுறதில்லை. ரப்பர் ஓடும் அப்படித்தான், வெயில்ல செருப்பில்லாம நிக்க முடியாது.

தரை. ரெண்டடி உயரத்துக்கு மேல ஏறுற எதுவா இருந்தாலும் கீழே மெத்துன்னு இருக்கணும். சிமெண்ட்டும் பேவர் கல்லும் போடவே கூடாது. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததுல நல்லது மணல்தான். ஆனா எம்-சாண்ட் வேண்டாம்ங்க. அது உடைச்ச கல்லு, கூர் இருக்கும், பொடி இருக்கும். நாலு மழையில இறுகித் தார் ரோடு மாதிரி ஆயிடும். நல்லா அலசின, சலிச்ச, உருண்டை ஆத்து மணல் வேணும், ரசீதோட வாங்குங்க. ஆறடி உயரம் வரைக்கும் விழுறதுக்கு எட்டு அங்குல ஆழம் போதும்னு ஐரோப்பியத் தரத்துல இருக்கு, கால்பட்டு ஒதுங்குறதுக்கு இன்னும் நாலு அங்குலம் சேர்க்கச் சொல்றாங்க. ஆக ஒரு அடி. அடியில அரையடி ஜல்லி, மேல வடிகட்டித் துணி, தண்ணி போக ஒரு குழாய். இதை விட்டா ஐப்பசி மழையில குளம் கட்டிக் கொசு வளர்க்கும்.

இப்போ ஊஞ்சல். எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். ஆறரை அடிச் சங்கிலின்னு வைங்க, மணல் தரையில முன்னும் பின்னும் சேர்த்து எட்டு மீட்டர், அதாவது 26 அடி காலியா விடணும். உங்க இடத்தோட அகலமே 28. குறுக்கே மாட்டினா இடம் முடிஞ்சுது. நீளவாக்குல, கதவுக்கு எட்டாத கோடியில, ஒரு ஊஞ்சலோ ரெண்டோ மாட்டலாம். ஓடி வர்ற சின்னப் பிள்ளை பலகைக்கு முன்னால வந்து நிக்கிற மாதிரி மட்டும் வழி விட்டுடாதீங்க.

அடுத்தது நான் செஞ்ச தப்பு. தொழில் ஆரம்பிச்ச வருஷம் ஒரு ஏணி மேடை செஞ்சு கொடுத்தேன். கைப்பிடிக் கம்பிக்கு நடுவுல ஆறு அங்குல இடைவெளி. பார்க்க நல்லா இருந்தது. ஒரு நாலு வயசுப் பையன் மேடையில உக்காந்து காலை வெளியே விட்டான், உடம்பும் வழுக்கி வெளியே போச்சு, தலை மாட்டிக்கிச்சு. அவங்க அப்பா கீழே நின்னு ரெண்டு பாதத்தையும் உள்ளங்கையில தாங்கிக்கிட்டே இருந்தார். நான் ஆக்ஸா பிளேடால கம்பியை அறுத்தேன். கிரைண்டர் போட்டா பொறி பையன் முகத்துல தெறிக்கும். ஒரு கம்பி அறுக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியலை. பையனுக்கு ஒன்னும் ஆகலை. அதுக்கப்புறம்தான் நான் மேல சொன்ன ஐரோப்பியத் தரத்தைப் படிச்சேன், இஎன் 1176னு அதுக்குப் பேரு. ஒன்பது சென்டிமீட்டர்ல இருந்து 23 சென்டிமீட்டர் வரைக்கும் எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது. உடம்பு நுழையும், தலை நுழையாது. இப்போ என் பட்டறையில ஒன்பது சென்டிமீட்டர்ல ஒரு மரக்கட்டை ஆணியில தொங்குது. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னால அதை ஒவ்வொரு இடைவெளியிலயும் வச்சுப் பார்ப்போம். யார்கிட்ட செய்யச் சொன்னாலும் இந்தக் கட்டையை நீங்களே கையில கொண்டு போங்க.

கம்பி விஷயத்துல இன்னும் கொஞ்சம். பிள்ளைங்க பிடிக்கிற பைப் முக்கால் அங்குலம் வாங்குங்க, வெளிவிட்டம் 27 மில்லிமீட்டர் வரும், சின்ன விரல் சுத்திப் பிடிக்கும். ஒன்றரை அங்குலப் பைப் பெரியவங்க கைக்குத்தான். முதல்ல வெல்டிங் முடிச்சிட்டு அப்புறம் துத்தநாகத்துல முக்கணும். ஏற்கெனவே துத்தநாகம் பூசின ஜிஐ பைப்பை வாங்கி வெல்டிங் வச்சா, வச்ச இடத்துல பூச்சு எரிஞ்சு அங்கதான் முதல்ல துரு ஏறும். பைப் நுனி எல்லாத்தையும் மூடிடுங்க. திறந்து விட்டா மழைத் தண்ணி இறங்கும், குளவி கூடு கட்டும். சறுக்கு உச்சியில பிள்ளை துணி சிக்கிக்கிற மாதிரி போல்ட்டு நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு நேரா வர்ற பிள்ளை கழுத்துல அடையாள அட்டைக் கயிறு தொங்கும். அதைக் கழட்டி மாட்ட வாசல்லயே வரிசையா மர முளை அடிச்சு வைங்க.

கடைசியா உங்க ஆட்டுக்கல். அதை எடுத்துடாதீங்க! 1947-ல ஆம்ஸ்டர்டாம்ல ஆல்டோ வான் ஐக்னு ஒரு கட்டடக் கலைஞர் நகராட்சி வேலையா ஒரு சின்ன விளையாட்டுத் திடல் போட்டார். அப்புறம் தெருக்காரங்க எங்களுக்கும் வேணும்னு கடுதாசி எழுத எழுத, 1978 வரைக்கும் எழுநூறுக்கு மேல போட்டார். அதுல நிறைய இடம் உங்க இடம் மாதிரி, வீடு இடிஞ்ச மூலைகள். அவர் வச்சதெல்லாம் என்ன? அகலமான விளிம்பு வச்ச மணல் குழி, உருண்டு தாவ ரெண்டு மூணு கம்பி, குதிச்சுப் போக சிமெண்ட் கட்டைகள். யானைன்னும் கப்பல்னும் ஒன்னும் செய்யலை. கல்லு இன்னைக்குக் கடை, நாளைக்குத் தீவு, அதைப் பிள்ளைதான் முடிவு பண்ணணும்னு இருந்தார். நம்ம ஊர்க் கோயில் மண்டபத் தரையில ஆடுபுலிக் கட்டம் செதுக்கியிருக்கே, அதுவும் அந்த மாதிரிதானே.

முதல்ல ஒரு வாரம் ஒன்னும் செய்யாம, அந்த வெறும் மண்ணுல பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு எழுதி வைங்க. அப்புறம் பேசுவோம்.

வைகைக்கரை:

மணல் வேண்டாம் என்பது என் அனுபவம். எங்கள் குடியிருப்பில் போட்டோம். மூன்றே மாதத்தில் பூனைக் கழிப்பிடம் ஆகிவிட்டது. ஒரு குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்று தெரிந்ததும் அள்ளிக் கொட்டிவிட்டு ரப்பர் போட்டார்கள். நகர நடுவில் பூனையும் தெருநாயும் அதிகம். யோசித்துச் செய்யுங்கள்.

கம்பிப்பட்டறை:

நீங்க சொல்றது நெசம்தான்ங்க, மூடாத மணல் குழி போடாம இருக்குறதே மேல். விளையாடுற குழியைச் சின்னதா, 12-க்கு 10 அடி வச்சா ராத்திரி வலைச் சட்டத்தை இழுத்து மூடிடலாம். தார்ப்பாய் போட்டா மணல் வேர்த்து நாறும், வலைதான் நல்லது. காலையில யாராவது ஒருத்தர் வாரி விடணும். அந்த ஒருத்தர் யாருன்னு பேர் சொல்லத் தெரியலைன்னா மணல் போடாதீங்க. ஊஞ்சலுக்குக் கீழேயும் மணல்னா அதுக்கும் அதே மாதிரி வலை வேணும், அதே வாரல் வேணும்.

நிலாஅம்மா:

டீச்சர், நான் சென்னையில் இருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளை, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். நீங்கள் இன்னும் ஒன்றும் கட்டவில்லை என்பதால் எழுதுகிறேன். கட்டி முடித்த இடங்களில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சரிவுப் பாதையும், அது முடியும் இடத்தில் ஒரு பெஞ்சும்தான். அங்கே உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் விளையாடுவதை அவள் பார்க்கலாம்.

மணலில் சக்கரம் புதைந்துவிடும். அதனால் வாசலிலிருந்து மணல் குழியின் விளிம்பு வரைக்கும், ஊஞ்சல் வரைக்கும், கெட்டியான பாதை ஒன்று வேண்டும். வாசல் மூன்றடி அகலமாவது இருக்கட்டும், படி வேண்டாம். சரிவு வைத்தால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மணல் குழியின் ஒரு பக்கத்தை மேசை போல உயர்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டுக் கட்டுங்கள். ஒரு முறை ஒரு தோழி வீட்டில் பழைய மேசை மேல் அண்டாவை வைத்து மணல் நிரப்பிக் கொடுத்தார். என் மகள் இரண்டு மணி நேரம் வலது கையால் அள்ளி இடது கை மேல் கொட்டிக்கொண்டே இருந்தாள். எதிரே நின்ற பையன் தன் லாரியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். அவள் அதில் மணல் ஏற்றினாள். எனக்கு வேண்டியது அந்த லாரிதான், டீச்சர். தனி மூலை வேண்டாம். மேசையை நடுவில் வையுங்கள்.

ஊஞ்சலில் ஒன்று முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் உள்ளதாக இருக்கட்டும். மற்றப் பிள்ளைகளும் அதில் ஏறுவார்கள், ஏறட்டும். பெங்களூரில் கிளிகிளி என்ற அமைப்பு எங்களைப் போன்ற பெற்றோர் சேர்ந்து தொடங்கியதுதான். கோல்ஸ் பார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்படி செய்திருக்கிறார்கள். போனால் பாருங்கள்.

உங்கள் பதினேழு பேரில் என் மகளைப் போல ஒருவரும் இல்லை என்று தோன்றலாம். வீட்டை விட்டு வெளியே வராததால் எண்ணிக்கையில் வராமல் போயிருக்கலாம். ஒரு முறை கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

மாசிவீதி டீச்சர்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணா சொன்னபடி ஒரு வாரம் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்தேன்.

ஆட்டுக்கல்லை அன்றாடம் குறைந்தது ஆறு பிள்ளைகள் தொடுகிறார்கள். காலையில் அதன் குழியில் மண்ணைக் கரைத்துச் சட்னி அரைக்கிறார்கள், கொத்தமல்லிக்கு வேப்பிலை. மாலையில் அதன் மேலிருந்து குதிக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று அதில் ஏறிக் குதிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு நாளும் ஏறி நின்று பார்த்துவிட்டு, திரும்பி வயிற்றால் சறுக்கி இறங்கியது. மூன்றாம் நாள் குதித்ததும் யாரையும் பார்க்கவில்லை, மறுபடி ஏறியது. பையன்கள் கிழக்குப் பக்கம் கோலி. பெண்பிள்ளைகள் பாண்டிக் கட்டம் கிழிக்கிறார்கள், சரக்கு வண்டி வந்து அழிக்கிறது, மறுபடி கிழிக்கிறார்கள். பத்து வயதைத் தாண்டிய பெண்கள் யாரும் உள்ளே வருவதே இல்லை. வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். என்ன வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் ஊஞ்சல் என்றார்கள். ஒருத்தி மட்டும், "தெருவுல இருந்து பார்த்தா தெரியாத மாதிரி மிஸ்" என்றாள். அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நிலாவின் அம்மாவுக்கு: கதவைத் தட்டினேன். எங்கள் சந்திலேயே நாலாவது வீட்டு மாடியில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். பதினொரு வருடமாக இந்தச் சந்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே இறக்கத் தூக்க ஆள் இருந்தால் தினமும் கூட்டி வருகிறேன் என்றார். ஆள் நாங்கள் ஏற்பாடு செய்துவிட்டோம். இனி பதினெட்டுப் பேர்.

இப்போது முடிவு செய்திருப்பது: மேற்குச் சுவரோரம் தெற்குக் கோடியில், நீளவாக்கில் இரண்டு ஊஞ்சல், ஒன்று சாய்வு வைத்தது. தெருவுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே செம்பருத்தி வேலி, தாய்மார் எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு. மணல் குழியும் மேசையும் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், அள்ளும் தூரத்தில். வடக்குச் சுவரோரம் பாட்டிகளுக்கு ஒன்றரை அடி உயரத் திண்ணை. உட்கார இடம் இல்லாவிட்டால் பெரியவர்கள் பத்து நிமிடத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நடுவில் கருங்கல் பாவி, அதில் பாண்டிக் கட்டமும் ஆடுபுலிக் கட்டமும் செதுக்குகிறோம். திருவிழா அன்று மோர் அண்டா அங்கேதான். காலையில் மணல் வாருவது நானும் மூன்றாம் வீட்டுப் பெரியவரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சறுக்கு இந்த வருடம் இல்லை. இரண்டு பையன்கள் அதற்காக என்னோடு பேசுவதில்லை. அவர்களுக்குத் தாவும் கம்பி இரண்டு உயரத்தில் வைக்கிறோம்.

பட்டறை அண்ணா, சுண்ணாம்புக் கோடு போட்டேன். நாலரை மணிக்கு நிழல் பதினோரு அடிதான் வருகிறது. மீதிக்குப் பச்சை வலை கட்டுகிறோம். என்ன மரம் வைக்கலாம்? முருங்கை என்கிறார்கள் சிலர்.

கம்பிப்பட்டறை:

முருங்கை வேண்டாம்ங்க டீச்சர். கொப்பு படக்குன்னு முறியும், மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி அடையும். அரளியும் வச்சிடாதீங்க, செடி முழுக்க விஷம். பூவரசு வைங்க. விதை போட வேண்டாம், கைத்தண்டி தடிமன்ல ஏழடிப் போத்து வெட்டி நட்டாலே துளிர்த்திடும், அதனால நிழலும் சீக்கிரம் வரும். இலையைச் சுருட்டிப் பிள்ளைங்க பீப்பி ஊதுவாங்க. மேற்குச் சுவர்ல இருந்து எட்டடி தள்ளி, ஊஞ்சல் வீச்சுக்கு வெளியே, ரெண்டு போத்து. ரெண்டடி ஆழத்துல ஊனி நல்லா மிதிச்சு விடுங்க. வலைக்கு நடுற கம்பம் பத்தடிக்குக் குறையக் கூடாது, ஏற முடியாதபடி மொழுமொழுன்னு இருக்கணும். வலையை ஒரு பக்கம் சாய்வா இழுத்துக் கட்டுங்க, இல்லேன்னா மழைத்தண்ணி தொப்பையா தொங்கும்.

ஊஞ்சல் சங்கிலியை என்கிட்ட வாங்கணும்னு இல்லை, மதுரையிலயே கிடைக்கும். கை பிடிக்கிற இடத்துல மட்டும் ரப்பர் குழாய் போட்டுடுங்க, வளையத்துக்குள்ள விரல் நசுங்காது. ஒன்பது சென்டிமீட்டர் கட்டை ஒன்னு செஞ்சு நாளைக்குக் கூரியர்ல போடுறேன், முகவரியைத் தனிச் செய்தியில அனுப்புங்க. போத்து நட்டதும் நுனியில சாணி அப்பி விடுங்க, காயாது.